ஒன்றரைச் சாண்

கைத்தானில் எங்கள் கட்டடத்திலிருந்து
ஆஸ்பத்திரி பஸ் நிற்கும் முனைவரை
நூற்றுப் பதினெட்டு எட்டு.
லேபில் ரத்தக் குப்பிகளை எண்ணி எண்ணி அடுக்குகிறவள் நான்,
கை சும்மா இருந்தால் கால் எண்ணும்.
எழுபதாவது எட்டில்
நடைபாதை முடிந்து
வெள்ளை பிராடோ ஆரம்பிக்கும்.

முழுசாக மேலேறி நிற்கும்.
கண் தெரியாதவர்கள் காலால் படிக்கட்டும் என்று பதித்த
மஞ்சள் புள்ளி ஓடுகளின்மேல் ஒரு பக்கச் சக்கரம்.
சுவருக்கும் கதவுக்கும் நடுவில்
ஒன்றரைச் சாண் விட்டுவைத்திருப்பார்கள்,
பூனைக்கோ, எனக்கோ.

சாலையில் இறங்கலாம்தான்.
விடியுமுன் தண்ணீர் லாரிகள், கம்பெனி பஸ்கள்.
ஒருநாள் ஒரு பஸ்ஸின் கண்ணாடி
தோள்பையைக் கொத்திக்கொண்டு போனது;
டிபன் பாக்ஸ் முனைவரை உருண்டது.
அன்றிலிருந்து சுவர்ப் பக்கம்தான்.

முதுகைச் சுவரில் ஒட்டி
பையைத் தலைக்குமேல் தூக்கி
நண்டு நடை.
ராத்திரி இறங்கிய புழுதி காரின் உடம்பெல்லாம்.
நான் கடந்த பிறகு அதில்
பின் விளக்கிலிருந்து முன் விளக்குவரை
ஒரு கோடு.
ஏப்ரலில் நூல் அளவு.
மேயில் இரண்டு விரல்.
ஜூனில் உள்ளங்கை அகலம்;
அந்தக் கோட்டின் மண் முழுக்க என் நீலச் சட்டையில்.

ஒரு சாண் வயிற்றுக்காகத்தான் கடல் தாண்டினோம்
என்பார்கள், இங்கே வந்தவர்கள் எல்லோரும்.
என் வயிறு அந்தச் சாணைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்குள் அட்டையில் ஒரு நம்பர்.
அடித்தேன்.
தகீகா, தகீகா என்றது தூக்கக் குரல்.
இரண்டாம் மாடியில் ஜன்னல் திறந்தது.
அந்த மனிதர் காரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.
முகமெல்லாம் மலர்ந்து
மப்ரூக், மப்ரூக் என்றார்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஹாரிஸ் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார்.
நல்ல பேரீச்சை, எள் ஒட்டியது.
கார் அங்கேயேதான்.
திட்டவும் முடியாமல்
ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை
பாதியில் சிக்கினேன்.
முன்னே போக முடியவில்லை,
பின்னே வர மூச்சு வரவில்லை.
உள்ளிருந்து ஒரு உதை.
கார் அலறத் தொடங்கியது.
தெருவெல்லாம் ஜன்னல்கள் திறந்தன,
இரண்டாம் மாடியில் அந்த ஒன்றைத் தவிர.

இனி நீ நடக்கவே வேண்டாம் என்றார் குணசீலன்.
சன்னி வாங்கினோம், பழசு.
எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியது.
முதல் ராத்திரி
மசூதியைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி,
மறுபடி மசூதியைச் சுற்றி
நாற்பது நிமிஷம்.
மேலே வந்தவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
கிடைத்தது என்றார்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

காலையில் பின் சந்துக்குக் கூட்டிப்போனார்.
சன்னி
முழுசாக மேலேறி நின்றது.
சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
புழுதியில் ஒரு கோடு.
என்னுடையதைவிடக் கீழே.
இரண்டு இடத்தில் மட்டும்
நின்று மூச்சு வாங்கியதுபோல் அழுந்தி.

ஏறு, லேட்டாகிறது என்றார் குணசீலன்.
நான் கையை விரித்து வைத்துப் பார்த்தேன்,
சுவரிலிருந்து கதவுக்கு.
ஒரு சாண்.
அப்புறம்
நாலு விரல்.